சூடு ஆறாத சீட்

கரடிக்கொம்பை எஸ்டேட்டின் கார் ஷெட்டில் பதினோரு வருஷமாக ஓடாமல் நின்ற மூன்று அமெரிக்க ஸ்டேஷன் வேகன்களில் ஒன்றின் நடு சீட், யாரோ இப்போதுதான் உட்கார்ந்து எழுந்து போனதைப் போல எந்நேரமும் சூடாகவே இருந்தது என்பதும், பனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுகிற தை மாதத்திலும் அந்தச் சூடு கொஞ்சமும் குறைந்ததில்லை என்பதும் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் குடியிருந்த நூற்றுப் பதினான்கு குடும்பங்களுக்கும் தெரியும். தெரிந்து, பழகி, அதை வேலைக்கும் வைத்துக்கொண்டிருந்தார்கள். மலைக்குளிரில் இட்லி மாவு புளிக்காது, பால் உறையாது. ஆகவே சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிற பெண்கள் மாவுப் பாத்திரத்தைத் துணியால் மூடிக் கொண்டுவந்து அந்த சீட்டில் வரிசையாக வைத்துவிட்டுப் போய், விடிந்ததும் விளிம்புவரை பொங்கி நிற்கிற மாவை எடுத்துக்கொண்டு போனார்கள். எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளை முதல் பத்து நாள் அங்கே போட்டு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இடுப்புப் பிடித்த ஆண்களுக்கு. அடைக்கு உட்காராத கோழியின் முட்டைகள்கூட ஒரு தடவை அங்கே பொரிந்தன. அதற்குப் பிறகு கோழி விவகாரம் வேண்டாம், நாற்றம் போக ஒரு மாதம் ஆகிறது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

இந்த வண்டிகளைப் பார்க்க வந்த இஸ்ரவேல் கோயம்புத்தூரில் பழைய கார் மெக்கானிக். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி, எதையும் நம்பாத முகம். பழைய கார் வாங்க ஆசைப்படுகிற பணக்காரர்கள் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டாமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். துணி சுற்றிய காந்தம் ஒன்றை வைத்துக்கொண்டு வண்டியின் உடம்பு முழுக்கத் தடவிக்கொண்டே போவார். இரும்பு இருக்கும் இடத்தில் அது ஒட்டும், துருவைச் சுரண்டிப் பட்டி அடித்துப் பெயிண்டு பூசி மறைத்த இடத்தில் ஒட்டாமல் நழுவும். நழுவுகிற ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு வரும். ஊரே பட்டி அடித்த ஊர், இதில் காரை மட்டும் என்ன சொல்வது என்பது அவர் வழக்கமாகச் சொல்கிற பேச்சு. பட்டறையில் எல்லோருடைய சாப்பாட்டு டப்பாவிலும் கைவிட்டுச் சாப்பிடுவார். சாதி பார்க்காதவர் என்று அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், அவரும் சொல்வார், யாரும் கேட்காதபோதும் சொல்வார்.

அவரை அனுப்பியவர் தெய்வசிகாமணி. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். பழைய கார் ஊர்வலம் ஒன்றில் அவருடைய சம்பந்தி வீட்டார் மூடி இல்லாத ஒரு சிவப்புக் காரில் கையாட்டிக்கொண்டே போனதைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் காரில் நான்கு பேர்தான் போக முடியும் என்பதை நினைத்து நினைத்து, தன் குடும்பம் ஒன்பது பேரும் ஒரே வண்டியில் கையாட்டிக்கொண்டு போகிற மாதிரி, முன்னால் மூன்று பேர், நடுவில் மூன்று பேர், கடைசியில் பின்பக்கம் பார்த்தபடி மூன்று பேர் உட்காருகிற, பதினெட்டு அடி நீளத்துக்குக் குறையாத பெரிய அமெரிக்க வேகனாகத்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். அப்படி மூன்று வண்டிகள் கரடிக்கொம்பையில் இருப்பதாகத் தரகர் மூலம் தெரிந்தது.

எஸ்டேட்டின் பழைய முதலாளி ரத்னசபாபதியை எல்லோரும் பெரிய அய்யா என்பார்கள். சென்னையில் உத்தியோகம் முடிந்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரர்களிடம் அவர் வாங்கிய வண்டிகள் அவை. அவர் செத்து இப்போது எல்லாம் அவர் அக்கா மகன் கிரிதரன் கைக்கு வந்திருந்தது. கிரிதரனுக்குக் கார் பிடிக்காது, மலை பிடிக்காது, தேயிலை குடித்தால் நெஞ்செரிச்சல். விற்றுவிட்டுப் பெங்களூர் போய்விட வேண்டும் என்று இருந்தார்.

முதல் தடவை இஸ்ரவேல் தனியாகத்தான் வந்தார். வெள்ளை வண்டி தூரத்திலிருந்து பளபளப்பாக இருந்தது. கிட்டே போய்க் காந்தத்தை வைத்தால் இருபது இடத்தில் நழுவியது. தரை விரிப்பைத் தூக்கினால் கீழே சேஸிஸ் துருப்பிடித்துப் பிஸ்கட்டைப் போல விரலில் உதிர்ந்தது. பச்சை வண்டியின் எஞ்சின் இறுகிப்போயிருந்தது. டேஷ்போர்டுக்குள் எலி குடும்பம் நடத்தி, தின்று, செத்து, அதன் பேரன் பேத்திகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கையுறையைக் கழற்றி வெளியே எறிந்தார். மூன்றாவது, பக்கவாட்டில் மரப்பலகை போட்டது போல அலங்காரம் செய்த தவிட்டு நிற வண்டி. காந்தம் எங்கும் நழுவவில்லை. அடியில் படுத்துப் பார்த்தார். எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தார், சுற்றியது. அப்புறம் கதவைத் திறந்தபோது அன்று இன்னும் எடுக்கப்படாத பதினேழு மாவுப் பாத்திரங்களும் புளித்த வாடையும் அவரை வரவேற்றன.

கிரிதரன் முகம் சிவந்து, எத்தனை தடவை சொன்னாலும் இதுகளுக்குப் புத்தி வராது என்று திட்டிக்கொண்டே பாத்திரங்களை வெளியே வைத்தார். இஸ்ரவேல் சீட்டில் கை வைத்தார். சூடு. வெயில் படாத ஷெட், பேட்டரி இல்லாத வண்டி. குனிந்து சைலன்சர் குழாயைப் பார்த்தார், ஒயரிங்கைப் பார்த்தார், சீட்டைத் தூக்கி அடியிலும் பார்த்தார். பிறகு தன் நோட்டில், நடு சீட் சூடாக உள்ளது, காரணம் தெரியவில்லை, வண்டிக்குக் குறை இல்லை என்று எழுதிக்கொண்டார்.

அது பெரிய மாமா உட்காருகிற இடம் என்றார் கிரிதரன். இதையும் அவர் எழுதிக்கொண்டார். அன்று மாலையே தெய்வசிகாமணிக்குப் போன் செய்து, மூன்றில் தவிட்டு வண்டிதான் வண்டி, மற்ற இரண்டும் பழைய இரும்பு என்று சொன்னார். நோட்டில் இருந்ததை ஒன்றுவிடாமல் படிக்கிற வழக்கப்படி சீட்டின் சூட்டையும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் அவர் பல தடவை நினைத்தார்.

ஏனென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் வரவில்லை, இருபத்திரண்டு பேர் வந்தார்கள். போட்ட முதல் எதிலும் நஷ்டப்படாத மனிதர் என்று பெரிய அய்யாவுக்கு மலையிலும் கீழேயும் பேர் இருந்தது. அப்படிப்பட்டவரின் உடம்புச் சூடு செத்த பிறகும் சீட்டை விட்டுப் போகாமல் நிற்கிறது என்றால் அது லேசுப்பட்ட ராசியா, அதில் ஒரு நிமிஷமாவது உட்கார வேண்டாமா என்று மைத்துனர்கள், கொழுந்தியாள்கள், பங்குதாரர், அவருடைய தொட்டில் பிள்ளை வரைக்கும் மூன்று வேன்களில் ஏறி வந்துவிட்டார்கள். வந்தவர்களில் ஒருவருக்கும் அந்தச் சூடு ஆச்சரியமாக இல்லை. தங்களுக்கு வரவேண்டியது வந்திருக்கிறது என்கிற மாதிரிதான் இருந்தார்கள்.

அன்று ஷெட்டில் நடந்ததையெல்லாம் இஸ்ரவேல் ஓரமாக நின்று பார்த்தார். முறை வைத்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர் எழ மறுத்ததால் கடிகாரம் பார்த்தார்கள். பெரிய மைத்துனர் சீட்டில் உள்ளங்கையைத் தேய்த்து, கற்பூர ஆரத்தி எடுத்துக்கொள்வதைப் போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சின்னவர் ஒரு படி மேலே போய் மூக்கை அதில் புதைத்து மோந்து பார்த்துவிட்டு, சந்தன வாசம் அடிக்கிறது என்றார். அடித்தது மாவு வாசம்தான். பங்குதாரரின் மனைவி குழந்தையின் துணியை அவிழ்த்து வெறும் உடம்போடு அதில் உட்கார வைத்தாள். குழந்தை அங்கேயே ஒன்றுக்குப் போனது. அதுவும் நல்லதற்குத்தான் என்று யாரோ சொன்னார்கள். ரெக்சினில் ஒரு விரல் அகலம் வெட்டிக் கொடுத்தால் கல்லாப் பெட்டியில் வைத்துக்கொள்வேன் என்று ஒருவர் கிரிதரனிடம் இரகசியமாகக் கேட்டார். மத்தியானம் பிரியாணிப் பொட்டலங்களைப் பிரித்து, முறை போய்விடக் கூடாதென்று வண்டிக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டு, கோழி எலும்பைக் கண்ணாடி வழியாக ஷெட் தரையில் துப்பினார்கள். அதில் ஒன்று இஸ்ரவேலின் செருப்பில் வந்து விழுந்தது. செத்தவன் சூட்டை நக்கித் தின்கிற கூட்டம் என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டு, எலும்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவர்கள் சாப்பிட்டுக் கைகழுவப் போன நேரத்தில், காலையிலிருந்து நின்ற கால் வலி தாங்காமல், காலியாக இருந்த அந்த நடு சீட்டின் ஒரு ஓரத்தில் தானும் உட்கார்ந்து நோட்டில் விலைக்கான குறிப்புகளை எழுத ஆரம்பித்தார். சூடு இதமாகத்தான் இருந்தது. எழுதிக்கொண்டே கண்ணை ஒரு நிமிஷம் மூடவும் செய்தார்.

அப்போதுதான் சிட்டம்மா வந்தாள். அறுபது தாண்டியவள், லைன் வீட்டுக்காரி, அன்றைக்கு ஷெட்டைக் கூட்டுவதற்காகக் கிரிதரன் கூப்பிட்டனுப்பியிருந்தார். எலும்புகளைக் கூட்டிக்கொண்டிருந்தவளிடம், முதலில் கைகழுவிவிட்டுத் திரும்பி வந்த தெய்வசிகாமணியின் மனைவி மரகதம் பேச்சுக் கொடுத்தாள். மரகதம் கெட்டவள் இல்லை. வேலைக்காரர்களிடம் சாப்பிட்டாயா என்று கேட்காமல் பேசமாட்டாள். அன்றும் அதைக் கேட்டாள். பிறகு கார்க் கதவருகில் நின்றபடி கேட்டாள்.

"ஏனுங்கம்மா, நீங்க பெரிய அய்யாவப் பார்த்திருப்பீங்கல்ல? அவரு சூடு இன்னும் ஆறலைன்னா எப்பேர்ப்பட்ட மனுசரா இருந்திருக்கோணும்."

"பார்த்திருக்கேம்மா," என்றாள் சிட்டம்மா. "அவருக்கு உடம்புல சூடே கிடையாது. இது எங்க வீட்டுக்காரரு சூடு."

அவள் அதை மறைத்து வைத்திருந்ததும் இல்லை, சொல்லக் காத்திருந்ததும் இல்லை. கேட்டதால் சொன்னாள். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு மீதியையும் சொன்னாள். பெரிய அய்யா குளிர் உடம்புக்காரர், ஜில்லென்று இருக்கிற ரெக்சினில் உட்கார்ந்தால் அவருக்கு வயிற்றைப் பிடிக்கும். அதனால் அவருடைய டிரைவர் வீரமலை தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, வண்டியைத் துடைத்துவிட்டு, நடு சீட்டில் அய்யா உட்காருகிற இடத்தில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்து அதைச் சூடாக்க வேண்டும். அய்யா படியிறங்கி வரும்போது எழுந்து கதவைத் திறந்து பிடிக்க, சூடு ஆறுவதற்கு முன்னால் அய்யா உட்கார்ந்துகொள்வார். கிளப்பில் சீட்டாட்டம் முடிகிற நேரத்துக்கும் அப்படியே. இருபத்தொரு வருஷம். அந்த வீட்டுக் கிணற்றிலோ குழாயிலோ வீரமலை கை வைக்கக் கூடாது, தண்ணீர் தூக்கித்தான் ஊற்றுவார்கள். ஆனால் சூட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஒரு தை மாதம் நெஞ்சில் சளி கட்டி வீரமலை இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் காலை அய்யா வேறு டிரைவரோடு வண்டியில் ஏறினார், சீட் சூடாக இருந்தது, யார் உட்கார்ந்தது என்று அவர் கேட்கவில்லை. எட்டு மாதம் அப்படியே போய்வந்து அவரும் இறந்தார். இதுதான் நடந்தது என்றாள்.

மரகதம் கார்க் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். இரண்டடி பின்னால் போனாள். காலையில் அவள் முழுதாகப் பன்னிரண்டு நிமிஷம் அதில் உட்கார்ந்திருந்தாள். புடவையின் பின்பக்கத்தை இழுத்து, உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டாள்.

அதே நேரத்தில் இஸ்ரவேல் எழுந்துவிட்டிருந்தார். எழ வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. வீட்டுக்காரர் சூடு என்ற சொல் காதில் விழுந்ததும் உடம்பு அதுபாட்டுக்கு எழுந்து, கதவைத் தாண்டி, ஷெட் தரையில் நின்றது. நின்றதோடு விடாமல் அவர் வலது கை பின்னால் போய் பேண்டை இரண்டு தடவை தட்டிவிட்டது. தட்டி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நிமிர்ந்தபோது சிட்டம்மா அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரகதத்துக்கு இடம்விடத்தான் எழுந்தேன் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொள்ளப் பார்த்தார். மரகதமோ ஷெட்டின் வாசலுக்கே போய்விட்டிருந்தாள்.

செய்தி அரை நிமிஷத்தில் இருபத்திரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்தது. கத்தல் கூச்சல் ஒன்றும் இல்லை. எல்லோரும் மிகவும் மரியாதையாக, யாரையும் குறை சொல்லாமல், ஆனால் அவசரமாக, எஸ்டேட் குழாயடியில் வரிசை கட்டினார்கள். விரல் விறைக்கிற தண்ணீரில் கை கழுவினார்கள், கால் கழுவினார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டவர் கண்ணைக் கழுவினார், மோந்தவர் மூக்கைச் சிந்திச் சிந்தித் துப்பினார். குழந்தையை மூன்று பெண்கள் சேர்ந்து குளிப்பாட்ட, அது நீலம் பாரித்து வீறிட்டது. சூடு இன்னும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கிறது என்று ஒரு கொழுந்தியாள் அழுதாள்.

தெய்வசிகாமணி இஸ்ரவேலைத் தனியாகக் கூப்பிட்டார். தனக்கு இதிலெல்லாம் ஒன்றும் இல்லை, தன் கம்பெனியில் எல்லா ஆட்களும்தான் வேலை செய்கிறார்கள் என்றார். வீட்டுப் பெண்கள் உட்கார வேண்டுமே, அதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார். சீட்டை மாற்றிவிட்டால் போயிற்று என்று கிரிதரன் குறுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். சீட்டை மாற்றலாம், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததை எப்படி மாற்றுவது என்றார் தெய்வசிகாமணி. பிறகு வெள்ளை வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இது அளவு ஒண்ணுதானுங்களே?"

"அளவு ஒண்ணுதாங்க. சேஸிஸ் போச்சு. விரல்ல உதிருது. நானே பார்த்தேன்."

"பட்டி அடிச்சா வெளிய தெரியாதுல்ல?"

வேறு நாளாக இருந்தால் இஸ்ரவேல் தன் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருப்பார். அன்றைக்கு அவரால் அப்படிப் போக முடியவில்லை. அவர்களைப் போலவே விலகி எழுந்தவனுக்கு அவர்களிடம் மறுத்துப் பேச வாய் வரவில்லை. தெரியாதுங்க என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு கிரிதரன் ஆத்திரத்தில் தவிட்டு வண்டியின் நடு சீட்டை ஸ்பானர் போட்டுக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே தள்ளினார். எரிக்கச் சொல்லி மண்ணெண்ணெய் வாங்க ஆள் அனுப்பினார். ஆள் திரும்பி வருவதற்குள் லைன் வீட்டுப் பெண்கள் ஆறு பேர் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெள்ளை வண்டியை லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூர் கொண்டுபோய், இஸ்ரவேல் மூன்று மாதம் வேலை செய்தார். பட்டி அடித்து மறைக்கவில்லை. துருப்பிடித்த சேஸிஸை அறுத்தெடுத்து, புதிதாக இரும்பு வெட்டிப் பற்றவைத்து, ஒன்பது பேர் ஏறினாலும் ஒன்றும் ஆகாதபடிதான் செய்து கொடுத்தார். அவ்வளவாவது செய்தோம் என்று நினைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார், முடியவில்லை. அந்த வண்டி அடுத்த ஊர்வலத்தில் போனது. ஒன்பது பேரும் கையாட்டினார்கள். பரிசுக் கோப்பை கிடைத்தது, சம்பந்தி வீட்டாருக்கு முகம் கறுத்தது. தெய்வசிகாமணிக்கு அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை, இன்றுவரைக்கும் வரவில்லை.

இஸ்ரவேலுக்குத்தான் வந்தது. டீக்கடைப் பெஞ்சில், கோயில் பெஞ்சில், பஸ்ஸில், எங்கே உட்கார்ந்தாலும் தன் கை பின்னால் போய் இரண்டு தட்டுத் தட்டுவது ஞாபகம் வந்தது. பட்டறையில் பையன்களின் சாப்பாட்டு டப்பாவில் கை வைக்கும்போது அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்காமல், எனக்குப் பசியில்லை என்றார். ஒரு நாள் கட்டிலிலிருந்து எழும்போது, தான் படுத்த இடத்தில் கை வைத்துப் பார்த்தார். தன் சூடு. அதுவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஐம்பத்தெட்டு வருஷமாகத் தனக்குள் எங்கே காந்தம் ஒட்டும், எங்கே நழுவும் என்று பார்க்காமல் இருந்துவிட்டோம் என்று தோன்றியது. இதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

சித்திரை மாதத்தில் தனியாக மலை ஏறினார். சிட்டம்மாவின் வீடு லைனில் கடைசிக்கு முந்தியது. வீட்டுக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற அறையில் அந்த சீட் கிடந்தது. மூன்று கைக்குழந்தைகள் அதில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. சிட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரை அடையாளம் தெரிந்தது. வாங்க என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

அவர் நின்றபடியே சொன்னார். அன்றைக்குத் தான் எழுந்ததைப் பற்றி, தட்டிவிட்டதைப் பற்றி, வேண்டுமென்று செய்யவில்லை என்பதைப் பற்றி, வேண்டுமென்று செய்யாததுதான் தன்னைத் தின்கிறது என்பதைப் பற்றி. நீளமாகத்தான் சொன்னார். அவள் கீரையிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்.

"நீங்க எந்திரிச்சது எனக்குப் பெருசாத் தெரியலைங்க," என்றாள். "அவரு தினமும் எந்திரிச்சாரு."

பிறகு, யாரும் கேட்காத ஒன்றையும் சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வீரமலை முதலில் குளிப்பார், எவ்வளவு குளிராக இருந்தாலும் பச்சைத் தண்ணீரில். அய்யா இறங்கிப் போன பிறகு கதவைச் சாத்தக் குனிந்தால் அந்த சீட்டிலிருந்து அய்யாவின் கொஞ்சநஞ்சச் சூடும் முகத்தில் அடிக்குமாம். என் சூட்டோடு அவன் சூடும் கலந்து வருது, குமட்டுது புள்ளே என்று தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாராம். அருவருப்பு என்பது அந்தப் பக்கம் மட்டும் இருந்ததில்லை என்றாள். இதை அவள் யாருக்கோ சொல்வதைப் போலத்தான் சொன்னாள், இஸ்ரவேலுக்கு ஆறுதலாக அல்ல. அவருக்கு ஆறுதலாகவும் இல்லை.

அன்றே அவர் பங்களாவுக்குப் போய்க் கிரிதரனிடம் தவிட்டு வண்டியைத் தனக்குக் கேட்டார். நடு சீட் இல்லாத, எஸ்டேட் முழுக்கக் கதை தெரிந்த வண்டியை வாங்க ஆள் வராமல் சலித்துப்போயிருந்த கிரிதரன், வெள்ளை வண்டிக்கு இஸ்ரவேல் வாங்கிய கூலிக்கே கொடுத்துவிட்டார். உங்களுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று மட்டும் கேட்டார். மூன்றில் இதுதான் வண்டி, முதல் நாளே எழுதிவைத்தேன் என்றார் இஸ்ரவேல். ஒரு வாரம் லைனிலேயே ஒரு வீட்டில் தங்கி, பேட்டரி, பெட்ரோல், பிரேக், டயர் என்று எல்லாம் பார்த்து வண்டியைக் கிளப்பினார். சீட்டை அவர் கேட்கவில்லை, அவர்களும் தருகிறோம் என்று சொல்லவில்லை.

புறப்படுகிற அன்று காலை சிட்டம்மா துணிப்பையோடு வந்து நின்றாள். கீழே கண்ணாஸ்பத்திரியில் அவளுக்கு ஆபரேஷன் இருந்தது, பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்றாள். அவள் வீட்டுக்காரர் இருபத்தொரு வருஷம் ஓட்டிய வண்டியில் அவள் ஏறியதில்லை. முன் சீட்டில் இஸ்ரவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கதவு சாத்தப்பட்டதும் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். படகு மாதிரி ஆடுது என்றாள். பெட்ரோல் வாசம் வருகிறது என்றாள். கண்ணாடியை இறக்கச் சொன்னாள், குளிருகிறது என்று ஏற்றச் சொன்னாள்.

ஏழாவது கொண்டை ஊசி வளைவில் அவள் கையால் வாயைப் பொத்தினாள், பொத்திய விரல்களுக்கு இடையிலேயே வந்துவிட்டது. காலையில் சாப்பிட்ட கிச்சடியும் டீயும் சேர்ந்து டேஷ்போர்டில், அவர் பாலிஷ் போட்டுப் போட்டு மினுக்கிய மீட்டர் கண்ணாடிகளில், அவர் சட்டைக் கையில், கியர் தண்டில் என்று பரவலாகத் தெறித்தது. இஸ்ரவேல் வண்டியை ஓரம் கட்டினார். கட்டி முடிப்பதற்குள் வாடை ஏறி அவருக்கும் புரட்டிக்கொண்டு வந்தது. இறங்கி ஓடி, ரோட்டோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவரும் வாந்தி எடுத்தார். கண்ணில் தண்ணீர் வர, குடலே வெளியே வருகிற மாதிரி எடுத்தார். திரும்பி வந்து கதவைத் திறந்தால் மறுபடியும் குமட்டியது. எடுத்தது தன் மகளாக இருந்தாலும், மாவட்டக் கலெக்டராக இருந்தாலும் இப்படித்தான் குமட்டும் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும், மூக்கைப் பொத்திக்கொண்டு, வாயைத் துடைக்காமலேயே, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல், வயிறு வலிக்க, காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிட்டம்மா களைத்துப்போய், தலையைச் சீட்டில் சாய்த்தபடி, ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தாள்.

"சிரிக்காமத் துடைங்க," என்றாள். "ஆஸ்பத்திரியில ஒம்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஓங்கரித்துக்கொண்டே, முதலில் அவளுடைய கையிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.